தோளில் போட்ட உப்புக்கட்டு

என் பெயர் கோவிந்தம்மா. வயது இருபத்தொன்பது. கணவர் பெயர் செங்கல்வராயன். செங்கல்பட்டு மாவட்டம், பொன்னேரி தாலுகா, ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே ஏரியோரம் மேட்டுக்குப்பத்தில் குடியிருக்கிறேன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்றில் பெருக்குகிற வேலை செய்கிறேன். அங்கே கம்பியை ஆசிட் தொட்டியில் முக்கிக் கழுவுவார்கள் என்பது உண்மை. அந்தத் தொட்டிப் பக்கம் என்னை விடமாட்டார்கள் என்பதும் உண்மை. சப் இன்ஸ்பெக்டர் ஐயா முதல் உண்மையை மட்டும் எழுதிக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டபின் இரண்டாவதும் எழுதப்பட்டது.

என் கணவர் பழவேற்காடு ஏரியில் கழி ஊன்றிப் படகு தள்ளி மீன் பிடிப்பவர். அவருக்கு வலது தோளில் வெகு நாளாக வலி. எங்கள் குப்பத்தில் தோள்வலி என்றால் புன்னை எண்ணெய் தடவி, ஆமணக்கு இலை வைத்து, அதன்மேல் வறுத்த உப்பைத் துணியில் பரப்பி இறுக்கிக் கட்டி, வெயிலில் படுத்துவிடுவார்கள். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கம் சந்தையில் பூவராகவன் என்பவர் சைக்கிளில் வைத்து வலித்தைலம் விற்றார். என் கணவர் ஒரு பாட்டில் வாங்கினார். நானும் கூட இருந்தேன். "எரிஞ்சா பயப்படாத நைனா, வலி ஓடுதுன்னு அர்த்தம்" என்று பூவராகவன் சொன்னார். தடவியபின் கட்டக்கூடாது, சூடு வைக்கக்கூடாது என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அப்போது கூவிக் கூவி விற்றவரை இப்போது எந்தச் சந்தையிலும் காணோம். அவரைத் தேடாமல் என்னை வரவழைத்து உட்காரவைத்திருக்கிறீர்கள்.

மறுநாள் என் கணவர் ஏரியிலிருந்து திரும்பி வந்து தைலத்தைத் தடவச் சொன்னார். தடவினேன். அதன்பின் புன்னை எண்ணெய்க்குச் செய்வதுபோலவே இலை வைத்து, சூடான உப்பு வைத்துக் கட்டினேன். அதன்பின் அவர், "இன்னாடி கட்டுற, சோறு துன்னல? நல்லா இறுக்கு" என்றார். இறுக்கினேன். அதன்பின் அவர் கரையில் இழுத்துப் போட்டிருந்த படகில் போய் வெயிலில் படுத்தார். நான் தண்ணீர் கொண்டுபோனபோது எரிகிறது என்றார். அவிழ்க்கப்போன என் கையைத் தட்டிவிட்டு, "கம்முனு கெட. எரிஞ்சாதான் மருந்து வேல செய்யுது" என்றார். தட்டிவிட்ட கைக்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

பொழுது சாய அவர் அலறினார். ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்தேன். இலையோடு தோலும் வந்தது. தோள் வெந்த நண்டுபோல் இருந்தது. அதன்பின் என் மாமியார் பச்சையம்மா வந்து பார்த்து, "எம் புள்ளமேல ஆசிட்ட ஊத்திட்டியேடி பாவி" என்று ஊரைக் கூட்டினார். நான் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த நாள் முதல் அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது. அதன்பின் என் கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதன்பின் மாமியார் இந்தப் புகாரைக் கொடுத்தார். என் மகள் செல்வியையும் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

ஏட்டு ராஜமாணிக்கம் ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது என் கணவர், "தூங்கிகினு இருந்தேன், எனக்கு இன்னா தெரியும்" என்று சொல்லியிருக்கிறார். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே கம்பெனிக்குப் போவமாட்டேன்னு செல்வி தலமேல அடிச்சி சத்தியம் பண்ணு. அப்பால நெஜத்த சொல்றேன்" என்றார்.

"ஜெயிலுக்கு வேணா போறேன், உன் கால்ல உழமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. ஆனால் அவரை வேகவைக்க நினைத்திருந்தால் கம்பெனியிலிருந்து ஆசிட் சுமந்து வரவேண்டியதில்லை. என் வீட்டு அடுப்பில் தினமும் கஞ்சி கொதிக்கிறது. என்னை அடித்த நாட்களிலேயே ஊற்றியிருப்பேன். ஊற்றவில்லை.

ஆசிட்டை எதில் கொண்டுவந்தாய் என்று ஐயா திரும்பத் திரும்பக் கேட்கிறார். என் வலது கையில் இருக்கும் கட்டைப் பற்றி மட்டும் வந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இன்று விடிந்ததும் அதே பாட்டிலில் மிச்சமிருந்த தைலத்தை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடவி, அதே மாதிரி இலையும் சூடான உப்பும் வைத்து, பக்கத்து வீட்டு எல்லம்மாவை இறுக்கிக் கட்டச் சொன்னேன். அதன்பின் ஐயா வரும்வரை ஸ்டேஷன் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். உயிர் போகிற மாதிரி எரிந்தது. அவிழ்க்கவில்லை. இப்போது உங்கள் முன்னாலேயே அவிழ்க்கிறேன். இலையோடு தோல் வருகிறது, பாருங்கள். இதற்கு ஆசிட்டை எதில் கொண்டுவந்தேன் என்று இப்போது கேளுங்கள். பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டேன்.

நான் சொன்னபடியே இது எழுதப்பட்டது. படித்துக் காட்டக் கேட்டேன். இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கம்பெனியில் தினமும் போடுகிறேன். வலது கையால் பேனா பிடிக்க முடியாததால் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(கோவிந்தம்மாவின் இடது கைப் பெருவிரல் ரேகை)