சின்ன மாப்பிள்ளை மாட்டின ஆம்ப்

இல்ல மாமா, நீங்க எந்திரிக்க வேணாம், அந்த ஸ்டூல்லயே உக்காருங்க. வண்டியோட பின் சீட்டக் கழட்ட ரெண்டு பேரெல்லாம் தேவையில்ல. இந்த நாடாவ இழுத்தா முன்னாடி சாஞ்சுரும், கீழ ரெண்டு போல்ட்டக் கழட்டினா கையோட வந்துரும். மாமனாரை ஸ்பேனர் பிடிக்க வெச்சேன்னு உங்க பெரிய பொண்ணுக்குத் தெரிஞ்சா எனக்கு இன்னிக்கு சோறு கிடையாது. நீங்க இந்தக் கடைக்கு வர்றதே ரெண்டாவது தடவைதானே? தொறந்தன்னிக்கு வந்தீங்க. பதினோரு வருஷம் ஆச்சு. சேச்சே, குத்திக்காட்டல மாமா. சும்மா ஞாபகம் வந்துச்சு.

இந்தா, வந்துருச்சு. கிட்ட வந்து பாருங்க. சீட்டுக்கும் பின்பக்கத் தகரத்துக்கும் நடுவுல நாலு விரல் எடம்தான். இந்த மாதிரி வண்டியில டிக்கி கிடையாதுல்ல, பின்னால தொறந்த தொட்டி, அதுல வெச்சா ஒரு மழைக்குத் தாங்காது. அதனால பாட்டுச் சத்தத்தக் கூட்டிக் குடுக்கற ஆம்ப் எல்லாத்தையும் இந்தச் சந்துலதான் ஒளிச்சு வெக்கணும். பெரிசு பேஸுக்கு, அந்தத் தும் தும்னு அடிக்கற சத்தத்துக்கு. சின்னது நாலு கதவு ஸ்பீக்கருக்கும்.

கேட்டுச்சு மாமா. எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டுப் புதுசா மாட்டுங்கன்னு வர்றப்பவே சொல்லிட்டீங்க. பிச்சுரலாம். பிக்கிறதுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாக்கணும்ல.

ஆம்ப் மாட்டிருக்கற பலகையப் பாருங்க. நிறைய பேரு ஆம்ப நேராத் தகரத்துலயே வெச்சு ஸ்க்ரூ அடிச்சுருவாங்க. ஸ்க்ரூ கொஞ்சம் நீளமாப் போச்சுன்னா அந்தப் பக்கம் தொட்டியில மூக்க நீட்டும், அந்த ஓட்டை வழியா தண்ணி உள்ள வரும். உங்க சின்ன மாப்பிள்ளை, நம்ம சின்னவர், என்ன பண்ணிருக்காரு? ஜாக்கி வெக்கறதுக்குன்னு கம்பெனிக்காரன் விட்ட ஓட்டையிலயே பலகைய மாட்டிட்டாரு. உங்க வண்டியில புதுசா ஒரு ஓட்டைகூடப் போடல. பலகைக்குப் பின்னால ரப்பர். ஆம்புக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு விரல் காத்து. அத்தை எவ்ளோ சாஞ்சு உக்காந்தாலும் இடிக்காது.

பாராட்டுறேனா? நானா? எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது மாமா. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு.

நான் வீட்டுக்கு வந்தா வாங்க மாப்பிள்ளைன்னு டிவியப் பாத்துக்கிட்டே சொல்வீங்க. அவர் வந்தா டிவி ஆஃப் ஆயிரும். இல்லன்னு சொல்லாதீங்க, நான் கவனிச்சிருக்கேன். அத்தை பரிமாறுறப்ப எனக்கு மேலாப்புல ஒரு கரண்டி, அவர்கிட்டப் போனா கறித் துண்டுக்காகச் சட்டி அடியத் தொழாவும். ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே பொண்ணு எடுத்தோம்? ஒரே தொழில்தானே பாக்குறோம்? உங்க பெரிய பொண்ணு இருக்காளே, தங்கச்சி வீட்டுக்காரர் கடைக்குக் கண்ணாடிக் கதவாம், ஏசியாம்னு எங்கிட்டயே வந்து சொல்றா. நானும் சரி சரின்னு தலையாட்டிக்கிட்டு, உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருப்பேன்.

அதெல்லாம்கூட விடுங்க. புது வண்டி எடுத்தீங்க. பாட்டு நல்லாக் கேக்கணும்னு ஆசைப்பட்டீங்க. அவர் கடைக்குப் போகணும்னா என் கடையத் தாண்டித்தானே போகணும்? தாண்டிப் போனீங்க. நான் கையில ஒரு ஸ்பீக்கரோட இதே வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். ஹாரன் அடிச்சு, சிரிச்சு, கைய வேற ஆட்டிட்டுப் போனீங்க. நானும் பல்லக் காட்டிக்கிட்டுத் திருப்பி ஆட்டினேன்.

தெரியும் மாமா, நீங்க ஒண்ணும் நெனச்சுப் பண்ணல. அதான் எனக்குத் தாங்கல.

போன வாரம் நடந்தத நீங்க சொல்லவே வேணாம். அத்தை இந்தச் சீட்டுலதான உக்காந்திருந்தாங்க. கருகல் வாடை, அப்பறம் புகை, நடு ரோட்டுல செருப்புகூடப் போடாம எறங்கி ஓடினாங்க. நல்ல வேளை, கையி காலுக்கு ஒண்ணும் ஆகல. அன்னிக்கே எல்லாரையும் வரச்சொல்லி சின்னவர நடு வீட்டுல நிக்க வெச்சீங்க. என் பொண்டாட்டியக் கொல்லப் பாத்தியாடான்னு கேட்டீங்க. மாப்பிள்ளைய, டா போட்டு. இனிமே இந்தப் படிய மிதிக்காதன்னீங்க. உங்க சின்னப் பொண்ணு குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே போச்சு.

நான் அப்ப சுவத்துல சாஞ்சு டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். அந்த மாதிரி ஒரு டீய நான் குடிச்சதே இல்ல மாமா. வேலை தெரியாதவங்ககிட்டக் குடுத்தா இப்படித்தான் ஆகும்னு, எரியுற நெருப்புல எண்ணெயும் ஊத்தினேன். அவர் என்னைய ஒரு பார்வை பாத்தாரு.

இன்னிக்குக் காலையில வந்து, இனிமே பெரிய மாப்பிள்ளை, நீங்கதான் எல்லாம் பாத்துக்கணும்னீங்க. இத்தனை வருஷமா உங்க வாயில இருந்து வராதான்னு காத்துக்கிட்டிருந்த வார்த்தை அது.

இங்க குனிஞ்சு பாருங்க. கருகினது இந்த ஒரு எடம்தான். இது எர்த் வயரு. கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போற வழி. இந்த நட்டு லூசா இருந்தா மொதல்ல பாட்டுல கொர்ர்னு ஒரு சத்தம் வரும். அப்பறம் சூடேறி வயரோட தோல் உருகும். சின்னவர் தகரத்துல பெயிண்ட வட்டமாச் சுரண்டி, பல்லு வெச்ச வாஷர் போட்டுத்தான் இறுக்கிருக்காரு. வாஷரோட பல்லுத் தடம் தகரத்துல எப்படிப் பதிஞ்சிருக்கு பாருங்க. இந்த மாதிரி இறுக்கினா வண்டி பள்ளத்துல விழுந்தாலும் தானாக் கழலாது.

அப்ப எப்படிக் கழண்டுதுன்னா? கேட்டுட்டீங்க. நல்லது.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட்டுட்டுப் பேசிக்கிட்டிருந்தீங்க. போன் வந்துச்சுன்னு நான் வெளிய போனேன்ல? போனெல்லாம் வரல. வண்டி பூட்டாமக் கெடந்துச்சு. இதே நாடாவ இழுத்துச் சீட்டச் சாச்சேன். அவர் வேலையில குத்தம் எதுவும் கெடைக்குமான்னு பாக்கத்தான். தேடு தேடுன்னு தேடினேன் மாமா, ஒண்ணுகூடக் கெடைக்கல. வயிறு எரிஞ்சுபோச்சு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் எப்பவும் என் பாக்கெட்டுல கெடக்கும். ரெண்டு சுத்து, அவ்ளோதான் லூசாக்கினேன். கொர்ர்னு சத்தம் வரும், சரி பண்ண எங்கிட்ட வருவீங்கன்னு நெனச்சேன். நீங்க அதுக்கும் அவருக்குத்தான் போன் பண்ணீங்க. வெளியூர்ல இருக்கேன், நான் வர்ற வரைக்கும் பாட்டுப் போடாதீங்க மாமான்னு சொன்னாராமே. நீங்க கேக்கல. அத்தை சாஞ்சு உக்காந்திருக்கறப்ப எரியும்னு சத்தியமா நான் நெனைக்கல.

எந்திரிச்சுட்டீங்க. அடிக்கறதுன்னா அடிங்க மாமா, கேக்க மாட்டேன். அதுக்கு முன்னாடி சின்னவருக்கு ஒரு போன் போட்டு எங்கிட்டக் குடுங்க. என் நம்பர்னா எடுக்க மாட்டாரு. உங்க நம்பர்னா, நீங்க அவ்ளோ பேசினதுக்கப்பறமும் மொத ரிங்குலயே எடுத்து, சொல்லுங்க மாமாம்பாரு. அவர் அப்படித்தான். எனக்கு ஆகாததும் அதுதான்.