படத்தில் ஒன்றும் இல்லை

வலது மணிக்கட்டு வலிக்கிறது, தம்பி. கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் மவுஸைப் பிடித்துத் தேய்த்த கை. அதற்கு முன்னால் புகையிலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் வீட்டில் எல்லோரும் இலையை ஊசியில் கோத்துக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். அந்தப் பிசின் எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. ரொட்டியைப் பிய்த்தால் ரொட்டியும் கசக்கும். அப்படிப்பட்ட கைக்குத்தான் மாவட்ட நில அளவை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாற்காலி கிடைத்தது. நான் என் வேலையை மதித்தவன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

நேற்று விசாரணையில் இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினீர்கள். ஒன்று மலை மண்ணைச் சோதித்த நிலவியல் அம்மாள் கொடுத்தது. அதில் சாய்கோடுகள் மலையிலிருந்து இறங்கி வந்து மேல் வரிசை மனைகளை மூடியிருந்தன. மற்றது எங்கள் அலுவலகத்திலிருந்து போனது. அதில் கோடுகள் மனைகளின் மேல்வேலியோடு நின்றுவிட்டன. "கோடெல்லாம் எங்கய்யா போச்சு?" என்று கேட்டீர்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

வரைபடத்தில் ஓர் இடம் என்ன என்று காட்ட, அதைக் கோடுகளால் நிரப்புவோம். ஹேட்ச் என்போம். செங்கல்லுக்கு ஒரு மாதிரி, தண்ணீருக்கு ஒரு மாதிரி, சரியக்கூடிய மண்ணுக்கு நெருக்கமான சாய்கோடு. ஓர் உருவம் இன்னொன்றின் மேல் ஏறினால் கோடுகள் குழம்பிவிடும். அதை ஒழுங்குபண்ண ட்ரிம் என்று ஒரு கட்டளை உண்டு. எந்தக் கோடு கத்தி என்று முதலில் காட்ட வேண்டும். பிறகு எது போக வேண்டுமோ அதைத் தொட வேண்டும். தொட்டது போய்விடும். ஏன் எதற்கு என்று கம்ப்யூட்டர் கேட்காது.

மலையடியில் புதிதாகப் பிரித்த ஜானி-புலாக் குடியிருப்புக்கு இருபது மனை, பட்டியலில் இருபது குடும்பம். மேல் வரிசையில் ஐந்து மனைகள் சாய்கோட்டுக்குள் விழுந்தன. அந்த ஐந்தும் போனால் பட்டியலின் கடைசி ஐந்து பேரும் போவார்கள். கடைசிப் பெயர் எர்கேஷ். அதற்கு முந்தின பெயர் என்னுடையது.

எர்கேஷ் எங்கள் அலுவலகத்தில் அளவுகோல் பிடிக்கிறவன். நான் கருவியில் கண்ணை வைத்துப் பார்ப்பேன், அவன் எதிரில் கோலை நட்டமாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். வெயிலானாலும் பனியானாலும் நான் கை காட்டும் வரை அசைய மாட்டான். என்னை பைக்கே என்று கூப்பிடுவான், கூடப்பிறந்த அண்ணனைக் கூப்பிடுவது மாதிரி. அவனும் பெண்டாட்டி ஜிபாரும் சந்தை ஓரத்தில் ஓர் இரும்புக் கன்டெய்னரில் குடியிருந்தார்கள். கோடையில் அடுப்பு, குளிரில் ஐஸ் பெட்டி. ஜிபாருக்கு வாய் அதிகம். "நாங்க சீனாவுலேருந்து வந்த சரக்கு பைக்கே, இன்னும் எவனும் பெட்டியப் பிரிக்கல" என்பாள்.

படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தலைவர் மதாமினோவ் சொன்னது இவ்வளவுதான்: "கச்கின், படம் அழுக்கா இருக்கே. மனைக்கு மேல கோடு கோடா கெடந்தா மேல இருக்கறவன் கேள்வி கேப்பான். கொஞ்சம் சுத்தம் பண்ணி அனுப்பு."

வெட்டு என்று அவர் சொல்லவில்லை. அவர்மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை. சுத்தம் பண்ண முறையான வழி ஒன்று இருக்கிறது. கோட்டை மெல்லியதாக்கி அடியில் போட்டு, மனையின் எல்லையைத் தடித்த கோடாக மேலே வைத்தால் இரண்டும் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

நான் மனைகளைக் கத்தியாக வைத்தேன். உள்ளே கிடந்த கோடுகளைத் தொட்டேன். ஐந்து மனையும் வெள்ளையாகிவிட்டது. ஆனால் மனைகளுக்கு நடுவே இருந்த சந்துகளில் கோடு மிச்சம் இருந்தது. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. எவன் பார்த்தாலும் கேட்பான். ஆகவே சந்துகளிலும் வெட்டி, மேல்வேலியோடு ஒரே எல்லையாக நிறுத்தினேன். ஊற்றிவைத்த தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. படம் பார்க்க அழகாக இருந்தது. இருபது குடும்பத்துக்கு நல்லது செய்தேன் என்று அன்று நினைத்தேன். இன்றும் அதில் பாதி நினைக்கிறேன்.

குலுக்கலுக்கு மதாமினோவ் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். சீட்டுகளை அதில் போட்டுக் குலுக்கினார்கள். எர்கேஷுக்கு மூன்றாம் மனை விழுந்தது. கீழே, சாலையை ஒட்டி, லாரிப் புழுதியில். எனக்குப் பதினெட்டு. மேல் வரிசை, ஊற்றின் பக்கத்தில்.

அந்த ஊற்றை நீங்கள் பார்த்ததில்லை. இப்போது அது இல்லை. மலையடியில் தெளிந்த தண்ணீர் பீச்சிக்கொண்டு வரும். எங்கள் ஆட்களுக்கு ஊற்று என்றால் ஆண்டவன் விரல் வைத்த இடம். பக்கத்து முட்செடியில் பெண்கள் வேண்டிக்கொண்டு துணி கிழித்துக் கட்டியிருந்தார்கள். மேல் வரிசைதான் வேண்டும் என்று இருபது பேரும் தவம் கிடந்தார்கள்.

"பைக்கே, உங்க அதிர்ஷ்டத்துல ஒரு பிடி எடுத்து எனக்குக் குடுங்க" என்றான் எர்கேஷ். "தலமாட்டுல தண்ணி! இவ கீழேருந்து ரெண்டு வாளிய சுமந்துக்கிட்டு மேட்டுல ஏறி எறங்கணும்."

"ஏறிட்டுப் போறேன்" என்றாள் ஜிபார். "உன்னையே சுமக்கறேன், வாளியா பெருசு?"

சிரித்தாள். ஆனால் ஒரு கை இடுப்பில் இருந்தது. சந்தையில் மாவு மூட்டை தூக்கி இறக்கி அவளுக்கு முதுகு போயிருந்தது.

நான் சொன்னேன்: "எர்கேஷ், மாத்திக்கலாம். நீ மேல போ. நான் ரோட்டோரம் இருந்துக்கறேன்."

அவன் என் கையை இரண்டு கையாலும் பிடித்தான். சுற்றி நின்றவர்கள் உள்ளங்கைகளை ஏந்தி, முகத்தைத் தடவி, எனக்காக வேண்டினார்கள். வீட்டில் என் மனைவி அனார்கான் மட்டும் திட்டினாள். "ஊத்து கெடச்சவன் புழுதிய வாங்கிட்டு வந்திருக்கான். உன்ன மாதிரி ஏமாளிய ஆடுகூட மேய்க்கும்."

எர்கேஷ் பச்சைச் செங்கல் அறுத்தான். ஜிபார் வைக்கோலும் களிமண்ணும் மிதித்துக் குழைத்தாள். இலையுதிர் காலத்தில் கூரை ஏறியது. அன்று ஓர் ஆடு அறுத்தார்கள். அவர்களிடம் இருந்ததே அந்த ஓர் ஆடுதான். தலையை வேகவைத்துத் தட்டில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். எங்களில் ஆட்டுத்தலை மதிப்புக்குரியவனுக்குத்தான் போகும். அங்கே என்னைவிட வயதானவர்கள் இருந்தார்கள். மதாமினோவ் இருந்தார். எர்கேஷ் என் முன்னால்தான் வைத்தான். நான் சாப்பிட்டேன். கறி நன்றாக வெந்திருந்தது.

நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மனையை மாற்றிக்கொண்டது ஜிபாரின் முதுகுக்காக இல்லை.

நிலவியல் அம்மாள் மலையைப் பார்க்க வந்தபோது நான்தான் கூட நடந்தேன். ஊற்றடியில் நின்று, "இது பழசா புதுசா?" என்று கேட்டார். முந்தின வருடம்தான் கிளம்பியது என்றேன். கையை நனைத்துப் பார்த்தார். "மலை வயித்துக்குள்ள தண்ணி சேர்ந்துபோச்சு. அது நெறஞ்சா இந்த மஞ்ச மண்ணு மாவு மாதிரி எறங்கும். இந்த எடத்துல கோழிக்கூடு கூட கட்டவிடாதீங்க" என்றார். பிறகு போய்த்தான் அந்தக் கோடுகளைப் போட்டார்.

ஆக, பதினெட்டு என்று என் சீட்டில் பார்த்ததுமே அந்தக் கோடுகள் எனக்குத் தெரிந்தன. வெட்டினாலும் வெட்டியவன் கண்ணில் அவை இருக்கும். நான் என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். நமக்கும் குடும்பம் இருக்கிறது. மலை இறங்காமலும் போகலாம். எத்தனையோ மலைகள் இறங்காமல் நிற்கின்றன.

அந்தக் குளிர்காலம் பனி அதிகம். வசந்தத்தில் மழை விடவில்லை. ஒருநாள் எர்கேஷ் அலுவலகத்துக்கு வந்து, செருப்புச் சேற்றை வாசலில் தட்டிவிட்டு, என் நாற்காலி அருகில் குந்தினான்.

"பைக்கே, வீட்டுக்குப் பின்னால நெலம் வெடிச்சிருக்கு. கைய விட்டா முழங்கை வரைக்கும் போவுது. ஊத்துத் தண்ணியும் கலங்கலா வருது."

"மழதானே" என்றேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க நாலு பேரும் சொந்தக்காரங்க வீட்டுக்குக் கெளம்பறாங்க. ஜிபார் என்னடான்னா, 'கச்கின் பைக்கேயக் கேட்டுட்டு வா, அவரு படம் போட்ட ஆளு, அவருக்குத் தெரியும்'ங்கறா. கொஞ்சம் படத்தப் பாருங்களேன்."

நான் படத்தைத் திறந்தேன். பெரிதாக்கி அவனுக்கே காட்டினேன். பதினெட்டாம் மனை வெள்ளையாக, நான்கு பக்கமும் நேராக இருந்தது. கோடுகள் வேலிக்கு அப்பால் நின்றன. அவன் திரையில் விரலை வைத்துத் தன் வீட்டைத் தடவிப் பார்த்தான்.

"படத்துல ஒண்ணும் இல்ல" என்றேன்.

அது பொய் இல்லை, தம்பி. படத்தில் ஒன்றும் இல்லைதான்.

"அப்பாடா" என்றான் எர்கேஷ். "அவனுங்க பயந்தாங்கொள்ளிப் பயலுங்க." அன்று சாயங்காலமே வைக்கோலும் களிமண்ணும் குழைத்து வெடிப்பை அடைத்துவிட்டான். மற்ற நான்கு வீடுகளும் காலியாகிவிட்டன. அவர்களுக்குப் படம் தெரிந்த ஆள் யாரும் இல்லை.

அது நடந்த காலையில் எர்கேஷ் என்னோடுதான் இருந்தான். பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு வாய்க்காலுக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தோம். அவன் தூரத்தில் கோலைப் பிடித்து நின்றான். என் போன் அடித்தது. அனார்கான். முதலில் அழுகை மட்டும் வந்தது. பிறகு, "மேல் வரிச இல்ல, அங்க மேல் வரிசையே இல்ல" என்றாள்.

நான் கருவியில் கண்ணை வைத்து அந்த அளவைப் படித்துக் குறித்துக்கொண்டேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கோலை அவ்வளவு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகுதான் கை காட்டினேன்.

ஜிபார் தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தோண்டி எடுத்தபோது மாவு கையில் இருந்தது. மஞ்சள் மண் பிசுபிசுவென்று மண்வெட்டியை விடாமல் பிடித்தது. நானும் தோண்டினேன். இந்த மணிக்கட்டு வலி அன்றைக்கு வந்ததுதான். முன்னால் மவுஸ் என்று சொன்னேன், அது சரியில்லை.

அடக்கத்துக்கு முன்னால் எங்களில் ஒரு வழக்கம். உங்களுக்கும் தெரியும். தொழுகைக்கு ஆண்கள் வரிசையாக நின்றதும் இறந்தவரின் உரிமைக்காரர் முன்னால் வந்து கடன் பாக்கி உண்டா என்று கேட்பார். எர்கேஷ் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றான். இடுப்பில் துக்கத்துக்கான துணி கட்டியிருந்தான்.

"எம் பொண்டாட்டி ஜிபார் யாருக்காவது கடன்பட்டிருந்தா எங்கிட்ட கேளுங்க, நான் குடுக்கறேன். அவளுக்கு யாராவது எதாவது தரணும்னா இப்பவே சொல்லிடுங்க. மனசுல வெச்சுக்கிட்டு அவள அனுப்பாதீங்க."

பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் சொன்னான்: "எங்க வீட்ல அவ சல்லட ஒண்ணு இருக்கு, எர்கேஷ். மாவு சலிக்க வாங்கினது. சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடறேன்."

"சரி" என்றான் எர்கேஷ். வரிசை முழுக்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என் முகத்தில் அவன் பார்வை நின்றது. அதில் ஒன்றும் இல்லை, நன்றிதான் இருந்தது. நான் அவன் பக்கத்தில் நிற்க வேண்டியவன் என்று தலையால் கூப்பிட்டான். போய் நின்றேன். பேசவில்லை. குழியில் மூன்று பிடி மண் போட்டேன். அதே மஞ்சள் மண்.

அவ்வளவுதான். கோட்டை வெட்டியது நான். தெரிந்தே அவனை அங்கே அனுப்பியது நான். வெடிப்பைப் பற்றிக் கேட்க வந்தவனுக்குப் படத்தைக் காட்டியதும் நான். நிலவியல் அம்மாளை விட்டுவிடுங்கள். அவர் கோடு போட்டுத்தான் கொடுத்தார்.

எர்கேஷ் இப்போது மறுபடி சந்தை ஓரத்துக் கன்டெய்னரில் இருக்கிறான். போன வாரம் கூட அனார்கான் அவனுக்கு சூப் கொடுத்தனுப்பினாள். எங்கள் வீடு நன்றாக இருக்கிறது. சாலை ஓரம் என்றாலும் தரை கெட்டி, சுவரில் ஒரு கீறல் இல்லை. ஒன்றை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், நான் நியாயமானவன் என்று உங்களுக்குத் தெரியட்டும். குலுக்கலில் மூன்றாம் மனை எர்கேஷுக்கு விழுந்தது. அது அவனுடையது, நான் அவனுக்குத் தர வேண்டியது. தந்துவிடுவேன். அனார்கான் இப்போதுதான் புது அடுப்பு கட்டியிருக்கிறாள், இந்தக் குளிர் மட்டும் கழியட்டும்.