கீறலுக்கு மை பூச மறுத்த ஜெபராணி அம்மையாருக்கு

அமெரிக்காவின் பிஸ்கட்டவே நகரில் அலுமினியப் பாகங்களுக்கு மேற்பூச்சு ஏற்றும் நம் ஆலையில், தர ஆய்வுத் துறையின் தலைவராக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, இன்று தங்கள் விருப்பத்துக்கும் எங்கள் விருப்பத்துக்கும் மாறாக விடைபெறும் ஜெபராணி அம்மையாருக்கு, அத்துறையின் ஊழியர்கள் எடிசன் நகரத்து இவ்வுணவகத்தில் கூடி, நிறைந்த அன்போடும் அதனினும் மிகுந்த சினத்தோடும் படித்தளிக்கும் மடல்.

அஞ்சாமையின் அணிகலனே! நேர்மையின் நெடுங்கோபுரமே!

இப்படியெல்லாம் அழைத்தால் தாங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அம்மையீர்! நேற்று ஆலையில் நிர்வாகம் நடத்திய விழாவில் தங்கள் முகத்தில் சிரிப்பே இல்லை. ஆறிப்போன பீட்சாவும் அவசரமாக வெட்டிய கேக்கும் முடிந்ததும் தங்கள் கையில் ஒரு கண்ணாடிப் பலகையைத் திணித்தார்கள். ‘ஒத்துழைப்பின் இலக்கணம்’ என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தார்கள். ஒத்துழைக்க மறுத்த ஒரே காரணத்துக்காக வெளியே தள்ளப்படுகிறவரிடம் அதைக் கொடுக்க எப்படிக் கை வந்தது இவர்களுக்கு?

ஓய்வாம்! இத்தனை வயதானால் எழுந்து போ என்று சொல்லும் சட்டம் நம் தொழிலுக்கு இந்நாட்டில் இல்லை. தங்களுக்குக் கண் மங்கவில்லை, கை நடுங்கவில்லை. நடந்தது வேறு. அதை இந்த அவையில் உரக்கச் சொல்லவே எழுந்தோம்.

சென்ற இலையுதிர் காலத்தில், துப்பாக்கிக் கம்பெனி ஒன்றுக்காகக் கறுப்புப் பூச்சு ஏற்றிய லோயர் ரிசீவர்கள், அதாவது விசையும் பின்கட்டையும் வந்து பொருந்தும் அலுமினிய உடற்பகுதிகள், வைத்திருந்த அடுக்கு முறிந்து சிமெண்டுத் தரையில் கொட்டின. கறுப்பின் மேல் வெள்ளிக் கோடுகளாகக் கீறல்கள். உற்பத்திப் பிரிவின் துணைத் தலைவர் கஸ்தூரிரங்கன் கீறலை மறைக்கும் கறுப்பு மை நிரப்பிய டச்-அப் பேனாவோடு வந்தார்.

“வெறும் ஸ்க்ராட்ச்தானே மேடம்? பேனாவால ஒரு கோடு இழுத்து ஷிப் பண்ணிடலாம்.”

கீறலுக்கு மை பூசுவது பாவமல்ல என்பது தங்களுக்குத் தெரியும். பிசுக்கைத் துடைத்து, மெல்லப் பூசி, உலர விட்டு, வாடிக்கையாளரிடமும் சொல்லிவிட்டு அனுப்பிய பாகங்கள் எத்தனையோ. ஆனால் கீழே விழுந்த பொருளைப் பார்க்காமல் பூசத் தாங்கள் சம்மதிக்கவில்லை. விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயத்தை ஊற்றி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவிக் காத்திருந்தீர்கள். பின்கட்டை வந்து மாட்டும் பின்புற வளையத்தில், கீறல் என்று அவர் சொன்ன இடத்தில், சிவப்பு மெல்லக் கசிந்து வந்தது. அது விரிசல். அடுத்ததிலும் விரிசல்.

“கஸ்தூரி, இது ஸ்க்ராட்ச் இல்ல. கிராக். சுடறவன் கன்னத்தை இதை ஒட்டித்தான் வெச்சிருப்பான். நான் கையெழுத்து போட மாட்டேன்.”

தங்களிடம் நடக்காது என்று தெரிந்ததும் அவர் தீபக்கிடம் போனார். தீபக் இரண்டு குழந்தைகளின் தகப்பன். கிரீன் கார்டுக்காக ஒன்பது ஆண்டுகளாக இந்த ஆலையையே நம்பியிருப்பவன். “உன் கிரீன் கார்டு ஃபைல் யாரு டேபிள்ல இருக்குன்னு தெரியும்ல?” என்று, நாங்கள் அத்தனை பேரும் கேட்கவே கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவை நீட்டினார். தீபக்கின் கை முன்னே வரவும் முடியாமல் பின்னே போகவும் முடியாமல் நின்றது. இரண்டே எட்டில் வந்து அந்தப் பேனாவைத் தாங்கள் பிடுங்கினீர்கள்.

“தீபக், நீ எனக்குக் கீழ வேலை பாக்கற. வேணாம்னு சொன்னது நான். யாரு கேட்டாலும் என் பேரைச் சொல்லு.”

பாராட்டு மடல்களில் பொறுமையைப் புகழ்வது வழக்கம். அன்று தங்கள் முகத்தில் நாங்கள் கண்ட கோபத்தைப் புகழ்கிறோம், அம்மையீர்! அக்கோபம் இல்லையென்றால் இன்று தீபக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கக் கூசியிருப்பான்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. தங்கள் தங்கையின் இறுதிச் சடங்குக்காகத் தாங்கள் நாகர்கோவில் சென்றிருந்தபோது, தற்காலிக ஆட்களை வைத்து மை பூசி, லாரி ஏற்றிவிட்டார்கள். வாங்கிய கம்பெனியின் சோதனைக் களத்தில் ஒரு துப்பாக்கியின் வளையம் தெறித்தது. சுட்டுப் பார்த்த பெண்ணுக்குப் புருவம் கிழிந்து தையல் போட்டார்கள். கண் தப்பியது. தப்பியதற்குக் கடவுளுக்கு நன்றி. எங்கள் ஆலைக்கு அந்த நன்றியில் பங்கில்லை.

சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. கூட்டம் போட்டார்கள். “இன்ஸ்பெக்‌ஷன்ல கோட்டை விட்டுட்டாங்க” என்றார் கஸ்தூரிரங்கன். தடுத்தவரே தவறவிட்டவர் ஆனார்! மேசை பறிக்கப்பட்டது, கையெழுத்துரிமை பறிக்கப்பட்டது; கடைசியில் ‘ஓய்வு’ என்ற சொல்லும் பூசப்பட்டது.

வழக்குப் போடச் சொல்லித் தங்கள் மகள் ஜெபினா கெஞ்சியதை நாங்கள் அறிவோம். “ஜஸ்ட் சூ தெம், அம்மா!” என்று அவள் அழுதபோது தாங்கள் சொன்ன பதிலை அவளே எங்களிடம் சொன்னாள்: “கேஸ் போட்டா தீபக்கை சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. அவன் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிட்டிருக்கு. விட்டுடு.”

விட முடியவில்லை, அம்மையீர்.

இதைச் சற்று முன்தான் மடலின் ஓரத்தில் எழுதிச் சேர்த்தோம்: அழைக்காமலே வந்து கடைசி மேசையில் அமர்ந்திருக்கும் கஸ்தூரிரங்கன் அவர்களே, தாங்களும் கேளுங்கள். சற்று முன் வாசலில் தீபக்கின் தோளில் கை போட்டு, “நாலு நல்ல வார்த்தை மட்டும் படிப்பா, நெகடிவா எதுவும் வேணாம்” என்றீர்கள். இதோ, நல்ல வார்த்தைகளைத்தான் படிக்கிறான். தங்களைப் பற்றி நல்ல வார்த்தை எதுவும் எங்களிடம் இல்லாதது எங்கள் குற்றமல்ல.

ஜெபராணி அம்மையீர்! தங்கள் கால்கள் வலியின்றி நடக்கட்டும். கண்கள் கடைசி வரை கூர்மை குன்றாதிருக்கட்டும். பேரப் பிள்ளைகள் தங்கள் பிடிவாதத்தையும் சேர்த்தே பெறட்டும். நூறாண்டு தாண்டித் தாங்கள் வாழ்க! ஞாயிறுதோறும் ஆலயத்தில் மன்னிப்பைப் பற்றிக் கேட்பவர் தாங்கள். இவர்களை மன்னிப்பது தங்கள் உரிமை. நாங்கள் மன்னிக்கவில்லை.

வழக்குப் போடுங்கள். சாட்சிக்குச் சண்முகப்ரியா வருகிறாள், மானஸா வருகிறாள். இம்மடலை இப்போது படித்துக்கொண்டிருக்கும் தீபக் ஆகிய நான், நேற்றிரவு என் மனைவியிடம் கேட்டுவிட்டேன். “போய் சொல்லிட்டு வாங்க. ஊருக்குத் திரும்பணும்னா திரும்பிக்கலாம்” என்றாள். சாட்சி சொல்ல முதல் ஆளாக என்னைக் கூப்பிடுங்கள், மேடம்.

இங்ஙனம்,
தங்கள் துறையினர்
தீபக், சண்முகப்ரியா, மானஸா