சுவரில் வெள்ளையாக நின்ற இடம்

ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, சார். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு அலச வேண்டும். பதினெட்டு வருடமாகச் சலவைக்கடை நடத்துகிறேன், துணி விஷயம் எனக்கு அத்துப்படி. சுவரைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாமல் போயிற்று.

அம்மாவுக்குக் கைகால் விழுந்து ஆறு வருடம். பேச்சும் நின்றுவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. குறையாகச் சொல்லவில்லை. அண்ணன் வெளியூரில் இருந்தான், வருடத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டுவான்.

அன்று மத்தியானம் வந்தவன் அம்மாவின் சக்கர நாற்காலிக்கு எதிரே மண்டியிட்டு, "என்கூட வந்துடுறியாம்மா?" என்று கேட்டான். அம்மா சிரித்தாள். வாய் கோணித்தான் இருந்தது, ஆனாலும் அது சிரிப்புதான். ஆறு வருடத்தில் எனக்கு அப்படியொன்று கிடைத்ததில்லை.

"நீயும் பாவம், எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவ? இனிமே நான் பாத்துக்கறேன்டா" என்றான், என் பக்கம் திரும்பாமலே. நல்ல மனதோடுதான் சொன்னான். நான் அவன் பின்னால் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டி கையில் இருந்தது.

திருடன் வந்திருக்கிறான், நான் கடையில் இருந்தேன், அம்மா உள்ளறையில் தூங்கினாள் என்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள். அப்புறம்தான் அந்தத் தடயவியல் மேடம் வந்தார். ஒவ்வொரு துளியையும் நீளம் அகலம் அளந்து, அங்கிருந்து நூல் பிடித்தார். நூலெல்லாம் மண்டியிட்டவனின் தலை உயரத்தில் வந்து கூடின. கூரையில் கோடு கோடாக இருந்த துளிகள் பெட்டியை ஓங்கியபோது தெறித்தவையாம். குறைந்தது மூன்று முறை அடி விழுந்திருக்கிறது என்றார். ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

பிறகு எதிர்ச் சுவரைக் காட்டினார். சுற்றிலும் துளிகள், நடுவில் மட்டும் வெள்ளை. தலை, தோள், கீழே சக்கரத்தின் வளைவு.

"இங்க யாரோ உக்காந்திருந்திருக்காங்க. சுவத்துல விழ வேண்டியது அவங்க மேல விழுந்திருக்கு."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

ஆமாம், அம்மாதான். முகமெல்லாம், முடியெல்லாம் ரத்தம். அப்படியே விட்டுவிட மனசு வருமா? குளிப்பாட்டி, வேறு புடவை கட்டி, உள்ளறையில் படுக்கவைத்தேன். அவ்வளவு நேரமும் அவள் கண்ணை மூடவே இல்லை.

தரையோரத்தில் குமிழி வெடித்த வளையங்களோடு சில துளிகள் இருந்தன. "இது மூச்சோட வந்த ரத்தம். விழுந்தப்புறமும் உயிர் இருந்திருக்கு" என்றார் மேடம். எவ்வளவு நேரம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியும்.

ஈரத் தலையோடு படுத்தால் அம்மாவுக்குச் சளி பிடிக்கும். கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறியை வேகமாக வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முடி காய்வதற்காகத்தான் வைத்தேன் என்று இத்தனை நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன்னறையில் அண்ணன் "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான், சார்.