கண்ணாயியின் நோட்டும் ஆறாவது நாற்காலியும்

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து தலைமை வகிக்கும் வெங்கடாசலம் ஐயா அவர்களே! மழையை மதியாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வாழவந்தியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இன்னும் நின்றுகொண்டே கேட்கும் தாய்மார்களே! என் தோழியரே! பத்தாம் வகுப்பு தேவகுமாரியின் வணக்கம்.

நம் பள்ளியில் கணிப்பொறி ஒன்று; அதைச் சுற்றி நாற்காலி ஆறு. ஐந்தாவதில் நான் இருப்பேன். ஆறாவது கண்ணாயியுடையது. ஏழாம் வகுப்பில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவள் அவள். உயிர் திரும்பியது, நினைவு முழுதாகத் திரும்பவில்லை. நேற்றுப் படித்த கட்டளை இன்று அவளுக்குப் புதிது.

போன வாரம் கணிப்பொறி சொல்லித்தரும் மனுவேல் சார் ஒரு விதி சொன்னார். நோட்டைப் பார்க்காமல் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கே நாற்காலி. கண்ணாயி எழுந்து நின்றாள்.

“நேத்து சொன்னது இன்னைக்கு நிக்கறதில்லைங்க சார்.”

“அப்புறம் ஏன் கண்ணு நொம்பக் கஷ்டப்படறே? திங்கக்கிழமை வேற பிள்ளைக்கு உட்டுக்கொடுத்துரு.”

சார் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சிரிக்காதீர்கள், சார் எதிரில்தான் இருக்கிறார்!

கண்ணாயி எப்படிப் படித்தாள்? ஒரு வரி தட்டுவாள். அதையே நோட்டில் எழுதுவாள். அந்த வரி எதற்கு என்றும் பக்கத்தில் எழுதுவாள். நிறுத்திய இடத்தில் சிவப்புத் துணிக்கீற்று ஒன்றை வைத்து மூடுவாள். ஏன் துணி? எஸ்டேட்டில் வேலை செய்யும் அவள் அம்மா முத்தாயி சொன்னார்: “காப்பி பறிக்கறப்ப எந்தச் செடியோட நிறுத்துனேன்னு நான் எங்கீங்க ஞாபகம் வெச்சேன்? ஒரு துணியைக் கட்டிட்டு ஊட்டுக்குப் போயிருவேன். காலைல துணி எடத்தைக் காட்டிரும்.”

இன்று காலைக் கண்காட்சியில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பிறந்த தேதியைத் தட்டினால் கிழமையைச் சொல்லும் புரோகிராம். ஆறு பேரும் ஒரு மாதம் கூடி எழுதிய நாற்பத்திரண்டு வரிகள். தலைவர் ஐயா தேதியைச் சொல்லி முடிக்கவில்லை, மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது திரையில் என்ன இருந்தது? ஒன்றுமில்லை! புரோகிராமைச் சேமித்திருந்த டேப் கேசட்டை அவசரமாகப் போட்டோம். நாடா சிக்கி அறுந்தது.

நினைவு நன்றாக உள்ள ஐந்து பேர் இருந்தோமே, என்ன செய்தோம்? நான் எட்டு வரி சொன்னேன், மூன்று தவறு. “மண்டையில இருக்குன்னு பீத்திக்கிட்டயே, எங்கடி அது?” என்று எங்கள் ஐவரில் ஒருத்தியான மல்லிகா என்னைக் கேட்டாள்.

கண்ணாயி நோட்டைத் திறந்தாள். தட்டத் தொடங்கினாள். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள். துணியை வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தவளுக்கு விட்ட இடம் நினைவில்லை. துணி காட்டியது. அரைமணியில் ஐயா பிறந்த கிழமை திரையில் வந்தது: வியாழன்! சரிதானுங்களா ஐயா? தலையாட்டுகிறார்.

மறந்தது யார், சபையோரே? மின்சாரம் நின்றதும் இயந்திரம் மறந்தது. பதறியதும் நாங்கள் மறந்தோம். மறந்துவிடுவோம் என்று அறிந்தவள் மட்டுமே எழுதி வைத்திருந்தாள்.

நாளை திங்கட்கிழமை. மனுவேல் சார், ஆறாவது நாற்காலியை நோட்டோடு சேர்த்துக் கண்ணாயிக்கே கொடுங்கள் என்று இந்தச் சபையின் முன் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று. இவ்வளவையும் இந்தத் தாளைப் பார்த்துத்தான் பேசினேன். யாரும் என்னை மேடையை விட்டு இறங்கச் சொல்லவில்லை. அதற்கு என் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.