சடச்சியால வந்த ஊட்டுக்கல்லு

ஓடைக்குறிச்சிக்கு ரோடே வராத காலமாம் அது. அப்ப உள்ள இளவட்டமெல்லாம் தங்கமான பயலுகன்னு எவனாவது சொன்னா நம்பாதீக. மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் வடக்குத்தெருவும் தெக்குத்தெருவும் கம்பைத் தூக்கிக்கிட்டு களத்துமேட்டுல எறங்கிருவானுகளாம். எதுக்குடான்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாதாம். "எங்கப்பன் அடிச்சான், நானும் அடிக்கேன், இல்லைன்னா எனக்கு மீசை என்னத்துக்கு?"ம்பானாம். வருசத்துக்குப் பத்து எலும்பாவது ஒடியுமாம்.

அந்த எலும்பையெல்லாம் கூட்டிக் கட்டுனவ எங்க பூட்டி சடச்சி, வடக்குத்தெருக்காரி. முட்டை வெள்ளைக்கரு, உளுந்தமாவு, மூங்கிப்பத்தை, இவ்வளவுதான் வைத்தியம். "அடுத்த வருசம் கழுத்தை ஒடிச்சுக்கிட்டு வா"ன்னு வஞ்சுக்கிட்டே கட்டுவாளாம்.

ஒரு வருசம் அவ மகன் சோணை, ஒத்தைக்கு ஒரு மகன், அடிச்ச அடியில தெக்குத்தெரு வெள்ளைக்கண்ணுக்கு வலது கை ரெண்டா ஒடிஞ்சு போச்சு. அப்பன் மலையாண்டி மகனைக் கூட்டிக்கிட்டு வாராரு, கையில அருவா. "கட்டு தாயி. கட்டி முடி. முடிச்சதும் ஒம்மகன் கையை வெட்டுறேன்"ங்கிறாரு. பின்னால தெக்குத்தெருவே நிக்குதாம்.

சடச்சி கட்டி முடிச்சா. மகனைக் கூப்பிட்டு முன்னால நிறுத்துனா.

"அண்ணே, நாப்பது நாளைக்கு ஒங்க மகனுக்குக் கை இல்லை. அதுவரைக்கும் எம்மகன் கைதான் அவன் கை. ஊட்டட்டும், குளிப்பாட்டட்டும். கட்டுப் பிரிக்கிற அன்னைக்கும் ஆத்திரம் தீரலைன்னா நானே பிடிச்சுத் தாரேன், வெட்டுங்க"ன்னாளாம்.

மலையாண்டி சரின்னாரு. ஆனா தெருவுக்குள்ள சோணையை விடமாட்டேன்னுட்டாரு. ரெண்டு தெருவுக்கும் நடுவுல பலகை மாதிரி ஒரு பட்டக்கல்லு கெடந்துச்சு. அங்க வச்சு ஊட்டச் சொல்லிட்டு, பக்கத்துப் புங்கமரத்துல அருவாளைக் கொத்தி வச்சுட்டுப் போயிட்டாராம்.

மொத நாள் ஊட்டுன சோத்தை வெள்ளைக்கண்ணு சோணை மூஞ்சியிலயே துப்புனான். நாலாம் நாள், "நல்லாப் பெசைடா, எருமை"ன்னான். பத்தாம் நாள், "உப்புக் கம்மின்னு ஒங்காத்தாகிட்டச் சொல்லு"ன்னான். இருவதாம் நாள் ரெண்டு பேரும் சிரிச்சதை ஊரே கேட்டுச்சாம்.

நாப்பதாம் நாளும் வந்துச்சு. மலையாண்டி மரத்துல இருந்து அருவாளை உருவிட்டாரு. சடச்சி கட்டுப் பிரிச்சா. வெள்ளைக்கண்ணு வெரலை மடக்கிப் பாத்தான், நீட்டிப் பாத்தான், கையை ஓங்குனான். பளார்! சோணை கன்னத்துல ஒரு அறை.

சடச்சி அந்த அறைஞ்ச கையைத் தடவிப் பாத்து, "எலும்பு நல்லாக் கூடிருச்சு"ன்னாளாம். வெள்ளைக்கண்ணுக்குச் சிரிப்பு அடக்க முடியலை. "சோறு எங்கடா?"ன்னானாம்.

மலையாண்டி அருவாளோட நடக்காரு. சடச்சி கண்ணை மூடிக்கிட்டா. அவரு நேரா வாழைத்தோட்டத்துக்குப் போயி ரெண்டு எலை அறுத்தாந்து கல்லுல விரிச்சாராம். ஒண்ணு அவரு மகனுக்கு, ஒண்ணு சோணைக்கு.

அன்னையில இருந்து அது ஊட்டுக்கல்லு. அடிச்சவன் ஊட்டணும், கட்டுப் பிரிக்கிற அன்னைக்கு ஒரு அறை வாங்கிக்கணும். எங்கப்பா காலத்துல வருசத்துக்கு ரெண்டு பேரு ஒக்காந்தாங்க. என் வயசுல ஒரே ஒரு தடவை. அடிச்சவன் நான்தான். நான் ஊட்டுன பய தங்கச்சியத்தான் பெறகு கட்டுனேன்.

இப்ப உள்ளதுக சண்டையெல்லாம் போன்லதான். போன மாசம் ஒரு பய இன்னொருத்தனைப் பத்தி அசிங்கமா எழுதிப் போட்டு, அவன் மூணு நாளாச் சோறு திங்காமக் கெடந்தான். "ஒண்ணும் ஒடியலையே, கல்லு எதுக்கு?"ன்னாங்க. "சோறு எறங்கலைல்ல? அப்ப ஒடிஞ்சதுதான்"னேன். ஒக்கார வச்சோம். எழுதுனவன் மூணு நாள் ஊட்டுனான், கடைசியில அறையும் வாங்குனான்.

கல்லுல பிசுபிசுன்னு இருக்கே, சாமிக்கு ஊத்துன எண்ணெய்னு கும்புட்டுறாதீக. மூணு நாளும் அவனுக பரோட்டாதான் தின்னானுக.