மாதத்துக்குக் கால் அங்குலம்

மரியாதைக்குரிய தொஃபஸ்ஸல் சாகிப் அவர்களுக்கு,

தூங்கும்போது காலை நீட்ட வேண்டும் என்பது பெரிய ஆசை என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. நவகாளியில் உங்கள் வீட்டு மாடுகூடக் காலை நீட்டித்தான் படுக்கும் என்று மொதாலிப் சொல்லியிருக்கிறான். அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மகள் ஜோஸ்னாவைக் கட்டிக்கொள்ள நான்கு வருடமாகக் காத்திருந்தவன், போன மாதம் உங்களுக்கு ஃபோன் செய்து, தனக்கு உடம்பு ஊதுகிற வியாதி, வேறு மாப்பிள்ளை பாருங்கள் என்று சொன்னது எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறேன். நடுவில் ஒரு பலகை. பெருநாளுக்குள் அவன் மனம் மாறாவிட்டால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன் என்றீர்களாம். பெருநாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள். அதற்குள் உங்களுக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். மொதாலிபுக்கு வியாதி எதுவும் இல்லை. நான்தான் இருக்கிறேன்.

என் பெயர் மிக்கேல் கொரேரா. தூத்துக்குடிக்காரன். மாலே தீவுக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கார அம்மாள் ஹவ்வா, மூன்றாவது மாடியில் ஒன்பதடி அகலமுள்ள ஓர் அறையைப் பிளைவுட் பலகையால் சரிபாதியாக மறித்து, ஒரு பக்கம் என்னையும் மறுபக்கம் மொதாலிபையும் குடிவைத்தார். ஆளுக்கு நாலரை அடி. நீளவாக்கில் படுக்கலாமே என்பீர்கள். என் பக்கத்தில் ஒரு மூலையில் தையல் இயந்திரம், இன்னொரு மூலையில் ஹவ்வாவின் துணி துவைக்கும் இயந்திரம். ஆகவே நான் குறுக்கேதான் படுக்க வேண்டும். என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். கழித்துப் பார்த்தால் பதினான்கு அங்குலம் குறைகிறது. அந்தப் பதினான்கு அங்குலத்தைத்தான் நான் முழங்காலில் மடித்து வைத்திருந்தேன்.

முறைப்படி கேட்காமல் இல்லை. ஹவ்வாவிடம் கேட்டேன்.

"பேபே, மாலேல காலை நீட்டணும்னா கடல்லதான் நீட்டணும்," என்றார். இங்கே மூத்தவர்களைப் பேபே என்பார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் இந்த ஊரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கடையெல்லாம் பூட்டிவிடுவார்கள். மற்ற நேரத்தில் மனிதனை மனிதன் இடிக்காமல் நடக்க முடியாத தெருவில் ஒரு பூனை மட்டும் படுத்திருக்கும். எல்லாரும் தொழுகைக்குப் போயிருப்பார்கள். நான் கிறிஸ்து வேதக்காரன், வீட்டில் இருப்பேன். கையில் வேலை இல்லை. திருப்புளி மட்டும் இருந்தது. பலகை நான்கு இரும்புத் தகட்டில்தான் நின்றது.

ஒரேயடியாகப் பதினான்கு அங்குலம் நகர்த்துவது திருட்டு. எனக்கு அந்தப் புத்தி கிடையாது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கால் அங்குலம். அவ்வளவுதான். பழைய திருகாணி ஓட்டைகளைச் சோப்பால் அடைத்து, தரைவிரிப்பின் ஓரத்தில் ஒரு துண்டு ஒட்டுப்போட்டு வந்தேன். கால் அங்குலம் என்பது ஒரு பொத்தானைவிடச் சிறியது சாகிப். பொத்தான் போனதற்காக யாரும் போலீசுக்குப் போவதில்லை.

நாலு வருடம் எட்டு மாதத்தில் என் கால் நீண்டது. அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். ஆனால் நீட்டிய காலில் விரல்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் கொஞ்சம் அசைய இடம் வேண்டும். அதற்குப் பிறகு ஒரு ஜோலி வாங்கினேன். இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை கட்டிய நாற்காலி. இந்த ஊரில் ஜோலி இல்லாதவனை மனிதனாக மதிக்க மாட்டார்கள். அதில் உட்கார்ந்தால் முட்டி பலகையில் இடித்தது. பலகைதானே இடிக்கிறது, முட்டியை என்ன செய்ய முடியும்?

மொதாலிப் பக்கத்தில் அவனுடைய நுரைமெத்தை மூன்றடி அகலம். பலகை மெத்தையைத் தொட்ட மாதம் எனக்குச் சங்கடமாக இருந்தது. மெத்தை மடங்கினால் அவன் முதுகு வலிக்கும். எனவே ஒவ்வொரு மாதமும் உறையைப் பிரித்து, நுரையில் கால் அங்குலம் நறுக்கி, பழைய ஊசித்தடத்திலேயே தைத்து வைத்தேன். கூலி கேட்கவில்லை.

சந்தேகம் முதலில் மின்விசிறியால் வந்தது. அறைக்கு நடுவில் பொதுவாக ஒன்று உண்டு.

"சாச்சா, ஃபேன் உங்க பக்கம் வந்துடுச்சே?" என்றான், எங்கள் இருவருக்கும் பொதுவான இந்த ஊர்ப் பாஷையில்.

"ராப்பகலா சுத்துற பொருள். ஒரே இடத்துல எப்படிடா நிக்கும்?"

கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். "அதுவும் சரிதான்," என்றான்.

அவனைக் குறை சொல்லாதீர்கள். இது சுருங்கிக்கொண்டே வருகிற ஊர். நடைபாதை மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடமானது, நிறுத்துமிடம் டீக்கடையானது. இங்கே எது சுருங்கினாலும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. தான்தான் பெருத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மொதாலிபும் அப்படித்தான் நினைத்தான்.

"சாச்சா, நான் ஊதுறேன்."

"எங்க ஊதுற?"

"திரும்பிப் படுத்தா ரெண்டு தோளும் இடிக்குது. போன வருசம் இப்படி இல்ல."

அவன் ஹோட்டலில் நாள் முழுக்க மீன் உருண்டை பொரிக்கிறவன். இரண்டு எடுத்து வாயில் போட்டிருப்பானோ என்று அவனுக்கே சந்தேகம். நீ ஊதவில்லை என்று நான் சொல்லியிருந்தால், பிறகு ஏன் இடிக்கிறது என்ற கேள்வி வரும். அதனால் பேசாமல் இருந்தேன். ஆனால் வெறும் பேசாமை ஒரு மனிதனுக்கு ஆறுதல் ஆகாது. அந்த வாரம் அவன் பொத்தான் தைக்கக் கொடுத்த இரண்டு கால்சட்டைகளையும் இடுப்பில் அரை அங்குலம் பிடித்துக் கொடுத்தேன். அடுத்த முறை சட்டைக் கழுத்து. குழப்பத்தில் இருப்பவனுக்கு ஏதாவது ஒன்று தெளிவாக இருக்க வேண்டும் அல்லவா?

அவன் சோற்றைப் பாதியாக்கினான். ரொட்டியை விட்டான். தினமும் சாயங்காலம் தீவை ஒரு சுற்று, பிறகு இரண்டு சுற்று நடந்தான். வரும்போது அறுபத்தெட்டு கிலோ இருந்தவன். நான் கால்சட்டையை அவனைவிட வேகமாகப் பிடிக்க வேண்டியிருந்தது. கண் எரிச்சல் வந்துவிட்டது எனக்கு.

ஹவ்வா ஒருநாள் மாடிப்படியில் அவனைப் பார்த்துத் திடுக்கிட்டார். "அடப்பாவி, காத்தடிச்சா பறந்துருவ போலிருக்கே! உன் ஹோட்டல்ல திங்கவே விடமாட்டானா?"

"அந்தம்மாவுக்கு என்னைக் கிண்டல் பண்றதே வேலை," என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டான்.

ஆஸ்பத்திரிக்கும் போனான். அங்கே எடை பார்த்து ஐம்பத்தொன்று என்றார்களாம். நன்றாகச் சாப்பிடு என்று டாக்டர் திட்டி அனுப்பினாராம்.

"மெஷின் பொய் சொல்லுது சாச்சா. துணி பொய் சொல்லுமா?"

முப்பத்தொன்பது வருடமாகத் தைக்கிறேன். துணியின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த ஒரு வாடிக்கையாளரை நான் கண்டதில்லை. மனம் நெகிழ்ந்துபோயிற்று. "துணி பொய் சொல்லாது," என்று மட்டும் சொன்னேன்.

அதற்கு மறுநாள்தான் உங்களுக்கு ஃபோன் செய்தான். பேசி முடித்துவிட்டு, பலகைக்கு அந்தப்பக்கம் அழுதான். சத்தம் வராமல் அழ முயன்றான். இரண்டரை அடி அகலத்தில் அது நடக்காது.

உங்கள் மகளின் புகைப்படத்தை அவன் அந்தப் பலகையில்தான் ஒட்டியிருக்கிறான். படுத்தால் முகத்துக்கு நேராக இருக்கும். எட்டு வருடக் கணக்கில் பலகை இரண்டடி நகர்ந்திருக்கிறது. படம் ஒட்டிய இந்த நான்கு வருடத்தில் மட்டும் ஓரடி. யோசித்துப் பார்த்தால் ஜோஸ்னாவை மாதாமாதம் அவன் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது நான்தான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நீங்கள் தீர்ப்புச் சொல்லும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மொதாலிபிடமே நேரில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் மனம் புண்படும். பலகையைத் திருப்பி வைக்கச் சொல்லவும் இடமுண்டு. ஜோலியை நான் எங்கே போடுவேன்? ஆகவே உங்களுக்கு எழுதுவதுதான் நேர்மையான வழி என்று முடிவு செய்தேன். பையன் தங்கமானவன். ஒல்லியானவன். தயவுசெய்து பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடாதீர்கள்.

இந்த இடம்வரை எழுதியபோது மொதாலிப் பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"சாச்சா, என்னத்த இவ்ளோ எழுதுறீங்க?"

"உன்னைப் பத்தித்தான். உன் மாமனாருக்கு."

"நல்லதாவா?"

"உள்ளதை."

அவன் கண் கலங்கிவிட்டது. சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். உங்கள் விலாசத்தை உறையின் மேல் அவனே வங்காளத்தில் எழுதினான். நாளைக் காலை அவனே தபாலில் சேர்க்கிறானாம். பிறகு தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்ன பாஷை?"

"தமிழ்."

"எங்க மாமனாருக்குத் தமிழ் தெரியாதே சாச்சா."

"எனக்கு வங்காளம் தெரியாதே."

"நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்."

"உன்னைப் பத்தி நீயே எழுதுறது நல்லாருக்காதுடா."

யோசித்துவிட்டு, நியாயம்தான் என்று தலையாட்டினான். உங்கள் ஊரில் யாராவது தமிழ் படிப்பார்களா என்று விசாரித்தேன். சுற்றுவட்டாரத்திலேயே ஒருவரும் இல்லை என்று உறுதியாகச் சொன்னான். இரண்டாம் முறையும் கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகுதான் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

செய்ததை எல்லாம் ஒன்று விடாமல் உங்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன் சாகிப். மனம் லேசாக இருக்கிறது. இதற்கு மேலும் இந்தக் கல்யாணம் நின்றுபோனால், அதற்கு நான் பொறுப்பல்ல.

இப்படிக்கு,
மிக்கேல் கொரேரா